தேதி மட்டும் போடாத கடிதம்

பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் அரசுப் பொதுக்கழக அலுவலகத்தில் ஒரு நாள் காலை என்னிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். என் பொறுப்பில் இருந்த ஒப்பந்தக் கோப்பு ஒன்று காணவில்லையாம். என்னை ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று இருபத்தொரு நாளுக்குள் நான் விளக்க வேண்டுமாம். கடிதத்தின் மலாய் நன்றாக இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் உறைத்தது, அது நான் எழுதிய மலாய்.

போன வருடம் ஒப்பந்தப் பிரிவுக்கு மாற்றும்வரை, பதினோரு வருடம் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் செயலாளராக இருந்தேன். மாதிரிக் கடிதங்கள் எல்லாம் என் கைவண்ணம். கூடவே ஒரு வசதியும் செய்து வைத்திருந்தேன். விளக்கம் கேட்கும் கடிதத்தை அடிக்கும் அன்றே நீக்கக் கடிதத்தையும் அடித்து, தேதியை மட்டும் விட்டு, கோப்பின் கடைசியில் இளஞ்சிவப்பு ஒட்டுத்தாளோடு செருகிவிடுவேன். விசாரணை முடிந்ததும் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். ‘தங்கள் விளக்கத்தை முழுமையாகப் பரிசீலித்த பின்’ என்று அது தொடங்கும். அந்த விளக்கத்தில் ஒரு வரிகூட அப்போது எழுதப்பட்டிருக்காது. இந்தச் சுறுசுறுப்புக்காக எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்கள். பூச்சோங்கில் உள்ள என் வீட்டு ஹாலில் அது இன்னும் ஓடுகிறது. அதன் கீழே உட்கார்ந்துதான் என் விளக்கத்தை எழுதினேன்.

“உங்க பிரிவுப் பெரிய ஆபீசர் பைலை வாங்கிட்டுப் போனதுக்கு ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்குன்னு சொன்னீங்கள்ல? அப்புறம் என்ன பயம்?” என்றாள் மனைவி.

“யாராச்சும் படிச்சாத்தானே.”

“ஏன் படிக்க மாட்டாங்க?”

அவளிடம் எப்படிச் சொல்வது? ஓய்வுபெற நான்கு வருடம் பாக்கி. நீக்கினால் ஓய்வூதியமும் போய்விடும். நிறையப் படித்தவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. அந்த மூன்று வாரமும் ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தில் நின்றேன்.

விசாரணை நாளன்று, எனக்குப் பின் செயலாளராக வந்த பெண் அறை வாசலில் காத்திருந்தாள்.

“அங்கிள், தண்ணி ஏதும் வேணுமா? மூஞ்சி வெளிறிப் போச்சு.”

அவள் கையில் என் கோப்பு. கடைசியில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது.

“லெட்டர் ரெடியாம்மா?”

அவள் தரையைப் பார்த்தாள். “நீங்க எழுதி வச்சிட்டுப் போன வேலை லிஸ்ட்ல அப்படித்தானே அங்கிள் இருக்கு.”

உள்ளே மூன்று பேர், தலைவர் உட்பட எல்லோரும் குழுவுக்குப் புதியவர்கள். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தலைவர் மலாயில் கேட்டார். அந்த நீக்கக் கடிதத்தைப் பற்றிச் சொன்னால் என்னையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்க வேண்டும். நான் செயலாளராக இருந்தபோது விசாரணைக்குக் கிள்ளானிலிருந்து வந்த ஒரு லோரி ஓட்டுநர் நினைவுக்கு வந்தார். பிளாஸ்டிக் பையில் புகைப்படங்கள் கொண்டுவந்து ஒரு மணி நேரம் பேசினார். அவருடைய நீக்கக் கடிதம் என் முழங்கைக்கு அடியில் இருந்தது. போகும்போது எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

“துவான், கோப்பின் கடைசித் தாளைப் பாருங்கள்” என்றேன்.

தலைவர் புரட்டினார். வெகுநேரம் படித்தார்.

“இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தது?”

“நான்தான்.”

அன்றைய விசாரணை ரத்தானது. அந்தத் தாளைப் பார்க்காத வேறு மூன்று பேர் அடுத்த மாதம் விசாரிப்பார்கள், ரிஜிஸ்டரையும் வரவழைப்பார்கள் என்றார். என் பழைய கோப்புகளையும் எடுத்துப் பார்ப்பார்களாம். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பெண், “இனிமே பேசி முடிச்சப்புறம்தான் அங்கிள் லெட்டர் அடிப்பேன்” என்றாள்.

“அப்ப என்ன முடிவுன்னு யாருக்குமே தெரியாதா?”

“எப்படித் தெரியும் லா?”

ரயிலில் உட்கார்ந்து நாட்களை எண்ணினேன். முடிவு தெரியாமல் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். கிள்ளான்காரருக்கு, முடிவு தெரியாத இந்தப் பயம்கூடக் கிடைக்கவில்லை. அவருக்கு நான் தேதி மட்டும்தான் பாக்கி வைத்திருந்தேன்.