சித்தப்பாவின் இருபத்தேழு பொய்கள்

என்னையும் என் வீட்டையும் பற்றி மொத்தம் இருபத்தேழு பொய்கள் அச்சாகியிருக்கின்றன. எண்ணியவள் நானேதான். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அத்தனைக்கும் காரணம் என் சித்தப்பா. மரக்காணத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் காதுகுத்து, கல்யாண பேனர்களுக்கு டிசைன் போடுவது அவர் வேலை. ஓய்ந்த நேரத்தில் எங்கள் வீட்டையே கார்ட்டூனாக வரைந்து, ஞாயிறுதோறும் இணையத்தில் போடுவார். உப்பளத்துக் கூலிக்குப் போகும் ஓர் அப்பா, ஓர் அம்மா, எதற்கும் உதவாத ஒரு சித்தப்பா, முன்பல் விழுந்த ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்திருந்தார். எங்கள் தெருவிலேயே முன்பல் விழுந்திருந்தது எனக்கு மட்டும்தான்.

போனில் வந்த வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் சிரிப்பார்கள், விரலால் தள்ளினால் போய்விடும். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாகப் போடச் சொல்லிவிட்டார். பாண்டிச்சேரியில் அச்சாகி, அட்டைப் பெட்டியில் பஸ்ஸில் வந்து இறங்கியது. என் மானக்கேடு முழுவதும் ஒரே இடத்தில், பக்க எண்ணோடு.

அதைவிடக் கொடுமை, அது எல்லோருக்கும் பிடித்துப்போனதுதான். போனை ஒருவர்தான் பார்க்க முடியும். புத்தகத்தை நடுவில் போட்டால் ஏழு தலைகள் குனிந்து சிரிக்கலாம். செய்தித்தாள்கூடப் புரட்டாத அப்பா படுத்துக்கொண்டு படித்தார். எதிர்வீட்டு அக்கா வாங்கிப் போய், "எங்க ஊட்லயும் இதே கூத்துதான்" என்று மாமியாருக்குப் படித்துக் காட்டினாள். பள்ளிக்கூடத்துக்கும் ஒன்று போனது. கிளியனூர் கல்யாணத்தில் பட்டாசு ஐந்து அப்பளங்களைப் பைக்குள் ஒளித்து, அதன்மேலேயே உட்கார்ந்த கதை அதில் இருந்தது. மறுநாள் சத்துணவுக் கூடத்தில் தட்டை நீட்டினால், "பட்டாசு, இன்னிக்கி அப்பளம் இல்லடி, முட்டதான்" என்கிறார்கள்.

அழுதுகொண்டே வந்து சித்தப்பாவிடம் சண்டை பிடித்தேன். "எல்லாம் தப்புத் தப்பா போட்டிருக்க!"

"எது எது தப்புன்னு சொல்லு. அடுத்த தபா அச்சடிக்கும்போது மாத்திட்றேன்."

அதை நான் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டேன். டீச்சர் நோட்டுத் திருத்துவதுபோல, சிவப்புப் பேனாவால் முதல் பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்கினேன். மூன்று நாள் ஆனது.

ஞாயிறு மதியம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் புத்தகத்தைச் சித்தப்பா கையில் கொடுத்தேன். அவரோ வீட்டில் எல்லோரையும் கூட்டிவைத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"'தவறு. ஐந்து அப்பளம் இல்லை. மூன்று.'"

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்தது, பட்டாசு மழைக்கு வேண்டிக்கொள்ள, அப்பா உப்புக் குவியலுக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனையும் படம். "'தவறு. நான் வேண்டிக்கொள்ளவில்லை. மழை வந்தால் அப்பாவுக்கு வேலை இருக்காது என்று சும்மா சொன்னேன்.'" மறுபடியும் சிரிப்பு. நியாயம் கேட்டவளைப் பார்த்து இப்படியா சிரிப்பார்கள்?

கடைசிப் பக்கம் எல்லோருக்கும் பிடித்த பக்கம். வீடே மீன்குழம்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். தலை யாருக்கு என்று மூன்று பேரும் அடித்துக்கொள்ளும்போது, அம்மா அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி ருசிப்பாள்.

"'தவறு. அம்மா எங்களோடு உட்காராது...'"

சித்தப்பா நிறுத்திவிட்டார். நானே புத்தகத்தைப் பிடுங்கி மிச்சத்தைப் படித்தேன். "'எல்லாரும் சாப்பிட்ட பிறகு நின்றுகொண்டே சட்டியில் சோறு போட்டுச் சாப்பிடும். மீன் இருக்காது. குழம்பு மட்டும்.'"

யாரும் சிரிக்கவில்லை. முதல் தடவையாக என் பேச்சை மரியாதையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். சமையல்கட்டிலிருந்து அம்மா சட்டியும் கையுமாக எட்டிப் பார்த்து, "புள்ள எதையோ கிறுக்கி வெச்சிருக்குது. அத போயி பெருசா படிச்சிக்கினு" என்றாள்.

"நெஜத்ததான எழுதியிருக்கேன்!" என்று கத்தினேன்.

அப்பா புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். "எப்ப மாத்துவ?" என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு, குழம்புச் சட்டியை அப்பாவே தூக்கிவந்து நடுவில் வைத்தார்.

"நீயும் உக்காரு" என்றார் அம்மாவிடம்.

"எனக்கு இன்னா அவசரம், நீங்க சாப்புடுங்க."

"உக்காருன்றேன்ல."

அம்மா உட்கார்ந்தாள். தண்ணீருக்கு ஒருமுறை, கரண்டிக்கு ஒருமுறை எழப் பார்த்தாள். இரண்டு தடவையும் சித்தப்பா முந்திக்கொண்டார். மீன் தலையை அப்பா அவள் தட்டில் வைத்தார். அவள் நிமிரவே இல்லை.

எனக்கோ ஆத்திரம் பொங்கியது. புத்தகத்தைத் திருத்தச் சொன்னால் வீட்டையல்லவா மாற்றுகிறார்கள்! சித்தப்பாவின் பொய்யைக் காப்பாற்ற எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள் என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். என் தட்டை எடுக்க எழுந்த அம்மாவின் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, அப்பா தானே அதைக் கழுவக் கொண்டுபோனார். அதுவும் நடிப்பு என்றே நினைத்தேன்.