எலும்புக்கு ஒரு சாரம்

நான் எலும்புத் திசு ஆராய்ச்சியில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்ததை என் கணவர் நண்பர்களிடம் இப்படித்தான் சொன்னார்: "எங்க ஊட்டுல எலும்பு செய்யறாங்க." எங்கள் ஊரில் கணபதி என்கிற பகுதியில் அவருக்கு ஒரு சின்ன பவுண்டரி, இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறை. பம்ப்செட்டுக்கு வேண்டிய உறுப்புகளை வார்த்துக் கொடுப்பார். உலகத்தில் எதையும் வார்த்துவிடலாம் என்று நம்புகிறவர்.

நான் செய்தது எலும்பு அல்ல, எலும்புக்கான சாரம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, எலும்பு சிதைந்த இடத்தில் செல்கள் பற்றிக்கொண்டு வளர ஒரு தாங்கல். எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட்டைத் தூளாக எடுத்துக் குழம்பாகக் கரைத்து, நுரைப்பஞ்சை அதில் தோய்த்துப் பிழிந்து, காயவைத்து உலையில் வைக்க வேண்டும். பஞ்சு எரிந்துபோய், அதன் வடிவில் ஓட்டை ஓட்டையாகப் பீங்கான் மிஞ்சும். எனக்கு எட்டு மாதமாக மிஞ்சியது விபூதி.

ஒருநாள் என் பையில் கிடந்த உடைந்த துண்டு ஒன்று அவர் கண்ணில் பட்டது.

"ஏனுங்க டாக்டரம்மா, இது எங்க பவுண்டரி ஃபில்டருங்களே!" கிண்டல் செய்யும்போது மட்டும் எனக்கு இந்த மரியாதை கிடைக்கும். உருகிய இரும்பிலிருந்து கசடை வடிகட்ட அவர்கள் அச்சில் வைக்கும் பீங்கான் வில்லை அது. மறுநாள் ஒன்றைக் கொண்டுவந்து என் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. எனக்குக் கோபம் வந்தது.

"என்னுது உடம்புக்குள்ள போறதுங்க. பம்புக்குள்ள இல்ல."

"செரிங்க. சூட்ட என்ன வேகத்துல ஏத்தறீங்க?"

"நிமிஷத்துக்கு அஞ்சு டிகிரி."

"அதான பாத்தேன். பஞ்சு ஒரேயடியாப் பொகஞ்சு, எல்லாத்தையும் ஒடச்சுப்போட்டு வெளிய வருது. ஃபில்டர் செய்யறவங்க ஒவ்வொரு டிகிரியாத்தான் ஏத்துவாங்களாமா. நிதானமா ஏத்திப் பாரு, கண்ணு."

படித்தவள் நான். அதனால் அவருக்குத் தெரியாமல்தான் செய்து பார்த்தேன். துண்டு முழுசாக வந்தது. விரலால் அழுத்தினேன், உடையவில்லை. ஒன்பது நாள் வீட்டில் மூச்சு விடவில்லை. பத்தாம் நாள் சாப்பிடும்போது அவரே கேட்டார்: "தாங்குச்சா?" நான் "ம்" என்றேன். அவர் ரசத்தைப் பார்த்துச் சிரித்தார். அதற்கு அவர் கேலியே செய்திருக்கலாம்.

அடுத்தது செல்கள். மெல்லிய துண்டுகளில் நன்றாகப் பிழைத்தன. தடித்த துண்டுகளில் நடுவில் இருந்தவை செத்துப்போயின. அந்த ஒரு விஷயத்தை வைத்து ஒரு வருடம் வீட்டையே படுத்தினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வந்து கேட்கலாம் என்பது விதி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் அவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முடிவில், "பார்வையாளர்களுக்கு ஏதாவது கேள்வி?" என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர். சம்பிரதாயத்துக்குக் கேட்பது, யாரும் கை தூக்க மாட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு வெள்ளைச் சட்டைக் கை உயர்ந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"ஏனுங்க, அந்தச் செல்லு நட்டநடுவுல போய் ஒக்காந்துச்சுன்னா அதுக்கு மூச்சு முட்டாதுங்களா?"

அரங்கம் சிரித்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை. "நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பதில் சொல்லுங்க," என்று என்னைப் பார்த்தார்.

சொன்னேன். ஆக்சிஜன் நடுவரை எட்டுவதில்லை, துளைகளைப் பெரிதாக்கியதில் கொஞ்சம்தான் பலன், ரத்தக்குழாய்கள் உள்ளே வளர வழி கண்டுபிடிக்காதவரை பெரிய துண்டு சாத்தியமில்லை, எனக்கும் அந்த வழி தெரியவில்லை. அன்று முழுக்க நடுங்கிய குரல் அந்தப் பதிலில் மட்டும் நடுங்கவில்லை. பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்கள்.

திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தினோம். "அத்தன பேர் முன்னாடி அதத்தான் கேக்கணுமாங்க?" என்றேன்.

"வேற எதக் கேக்கறது? ஒரு வருசமா அதையேதான பொலம்பிட்டு இருந்த. உனக்கு நல்லாத் தெரிஞ்சத ஒருத்தராவது கேக்கட்டும்னுதான், அம்மணி."

கையிலிருந்த தேங்காய் பன்னைப் பிய்த்து, பெரிய பாதி எது என்று பார்த்து, அதை அவரிடம் கொடுத்தேன்.