மாகாளிக் கன்றும் கரிசல் மண்ணும்

பிள்ளைகளா, கோவில்பட்டிப் பக்கம் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் நான் வேலை பார்க்கிறேன். காட்டில் அருகிப்போன மாகாளிக்கிழங்குச் செடியின் துணுக்கைப் பாட்டிலுக்குள் வைத்துக் கன்றாக்குவோம். ஒருதடவை ஆறு கன்றுதான் வேர் விட்டது. அதைத் தொட்டிக்கு மாற்றுவது என் வேலை.

தேங்காய்நார்த் தூளில் நடச் சொல்லியிருந்தார்கள். தூளில் என்ன சத்து இருக்கும் என்று, நானாக நம்ம பருத்திக்காட்டுக் கரிசலை அள்ளிவந்து நட்டேன். பிரியத்தில் செய்ததுதான். ரெண்டு நாள் லீவு முடிந்து வந்தால், மண் காய்ந்து வெடித்திருந்தது. முடி மாதிரி இருந்த வேரெல்லாம் அறுந்து, ஐந்து கன்று பட்டுப்போச்சு.

கூடத்து மேடத்துக்கு என் மகள் வயசுதான் இருக்கும்.

"யாரு அண்ணாச்சி கரிசலைப் போட்டது?"

"நாந்தாம்மா. பருத்திக்கே சோறு போடுத மண்ணு, இதுக்குப் போடாதான்னு நெனைச்சேன்."

"பாட்டிலுக்குள்ள வளந்த பிள்ளைக்கு எடுத்த உடனே கறிசோறா?" என்று சிரித்துவிட்டார்.

மிஞ்சிய ஒன்றை நார்த்தூளுக்கு மாற்றிப் பாலித்தீன் பையால் மூடினோம். நம்ம வெயிலும் காற்றும் பழகட்டும் என்று தினம் பையில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டேன். பை சல்லடையான பிறகு ஒருநாள் காலையில் மெல்ல உருவினேன். கன்று வாடவில்லை. உச்சியில் புதுத் துளிர். மேடத்தைக் கூப்பிடக்கூடத் தோன்றாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.