கறுப்புத் தண்ணியும் மாதா கோயில் தண்ணியும்

பூரணிக்குத் தண்ணிக் கங்காணி என்று பேர் வைத்தது அவள் புருஷன் கணேசமூர்த்திதான். கேலிக்கு வைத்த பேர். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அது பசை போல ஒட்டிக்கொண்டது.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்று அண்ணாந்தால் தெரிகிற மேட்டு லயம் அவர்களுடையது. தோட்டத்துக்காரர்கள் அதை டவுன் என்பார்கள். டவுன்காரர்கள் தோட்டம் என்பார்கள். அதனால் யாருடைய பைப்பும் அங்கே ஏறி வரவில்லை. மலை ஊற்றிலிருந்து இறங்கும் ஒரு பீலித் தண்ணிதான் குடிக்கவும் குளிக்கவும். போன வருஷத்துப் பெருமழையில் மண் சரிந்து பீலியை மூடிவிட்டது. கக்கூஸ் குழிகள் நிரம்பி வாசல்வரை வழிந்தன. மழை விட்டதும் அதே சனம் ஒரு குடம் தண்ணிக்காக டவுனுக்கு இறங்கியது. இப்போதெல்லாம் வானத்தின் போக்கே அப்படி. பெய்தால் மண்ணைக் கரைக்கும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது.

பூரணி மஸ்கெலியாப் பக்கம் பிறந்தவள். படிப்பைப் பாதியில் விட்டுக் கொழுந்து பறித்தாள். கல்யாணமாகி ஹட்டனுக்கு வந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனால் மகள் தனுஷிகா தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தாள். குடித்தால் விடியும் முன்னே தேயிலைக்குள் ஒதுங்கப் போகவேண்டும். அட்டைக்கும் பயம், ஆளுக்கும் பயம். ஒருநாள் பள்ளிக்கூடத்திலேயே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள்.

அன்றைக்குத்தான் பூரணிக்கு வாய் திறந்தது. தண்ணிக்காகவும் கக்கூஸுக்காகவும் அவள் ஏறாத ஆபீஸ் படியில்லை; கணேசமூர்த்தி அந்தப் பேரை வைத்தது அப்போதுதான். கடைசியில் ஒரு நிறுவனம் இரங்கியது. வெள்ளம் ஏறாதபடி உயர்த்திக் கட்டி, குழியை இறுக மூடிய மலசலகூடங்கள். லயத்துக் கூரையில் விழும் மழையைப் பிடித்து வைக்கப் பெரிய நீலத் தாங்கி ஒன்று. வேலையைப் பார்த்துக்கொண்டவர் வினோஜன் என்ற இளம் அதிகாரி. தண்ணீர் வந்த பிறகுதான் கதவுகளைத் திறப்போம் என்று பூட்டுப் போட்டார்.

தீபாவளிக்கு முந்திய வாரம் மழை கொட்டியது. குடமும் வாளியுமாக லயமே கூடியது. பூரணி குழாயைத் திறந்தாள். கருகருவென்று வந்தது தண்ணீர். மேலே எண்ணெய் மினுங்கியது.

"பிளேன்டீயாவே வருது! சீனி மட்டும் போட்டுக்கங்கடி!" என்று ஒருத்தி கூவ, எல்லாரும் சிரித்தார்கள். பூரணி கூரையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

தீபாவளிக்குச் சுவருக்குச் சுண்ணாம்பும், ஒழுகும் தகரத்துக்குத் தாரும் பூசுவது லயத்து வழக்கம். இந்த வருஷம் கணேசமூர்த்தி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு தகரம் விடாமல் பூசியிருந்தான்.

"டேங்கி வருதே, கூரை பளபளன்னு இருக்கட்டும்னுதான்..." என்று தலையைச் சொறிந்தான்.

"ஒங்க பளபளப்ப மொகந்து குடிங்க!" என்றாள் பூரணி.

வினோஜன் சிரிக்கவில்லை. "தார் பட்ட தண்ணிய குடிக்க ஏலாதுக்கா. வேற நல்ல கூரை கெடைக்காட்டி டேங்கிய ராகலைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடுக்கச் சொல்றாங்க ஆபீஸ்ல. அங்கயும் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

நல்ல கூரை ஒன்றுதான் இருந்தது. லயத்துக்கு மேலே மாதா கோயிலில் புதிதாகப் போட்ட தகரம். சாவி கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஐவி அக்காவிடம். பூரணி போய்க் கேட்டதும் அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"மாதா தலைக்கு மேல விழுற தண்ணிய கக்கூஸ்ல ஊத்துவியா பூரணி? ஒங்க மாரியம்மன் கோயிலா இருந்தா விடுவியா?"

பூரணி திரும்பி நடந்தாள். விடமாட்டாள்தான்.

மறுநாள் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசி அலசல் தண்ணீரைக் கீழே கொட்டும் வழக்கம் அங்கே இல்லை. வாளியில் எடுத்து வைத்துத் தரையைக் கழுவுவாள். அன்றும் வாளியைச் சாய்த்தாள். தண்ணீர் தரையில் ஓடி மூலைக்குப் போவதைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். தரைக்குக் குடிதண்ணீர் எதற்கு? கக்கூஸுக்குத்தான் எதற்கு?

வேலை முடிந்ததும் மேட்டை ஓட்டமாக ஏறி ஐவியின் கதவைத் தட்டினாள்.

"அக்கா, மாதா தண்ணி அடுப்புக்கும் குடிக்கிறதுக்கும் மட்டும். கக்கூஸுக்கு எங்க வீட்டுக்காரரு பூசின தார்த் தண்ணி. ரெண்டும் ஒரு சொட்டுக்கூட கலக்காது."

ஐவி கோயில் சாவியை எடுத்தாள். "மாதா தண்ணில யாரும் கால் கழுவக் கூடாது. பைப்ப நான்தான் தொறப்பேன்."

"நீங்களே தொறங்கக்கா!"

பீலிக்கரையில் காய்ந்து கிடந்த பழைய சீமெந்துத் தொட்டியைக் கணேசமூர்த்தியே சுரண்டிப் பூசினான். லயத்துக் கூரைத் தண்ணீர் அதற்குள். நன்றாகத் தேய்த்துக் கழுவிய நீலத் தாங்கி மாதா கோயிலுக்குக் கீழே போனது. முதல் மழையை ஓடவிட வேண்டும், குடிக்கும் தண்ணியைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று வினோஜன் வீடு வீடாகச் சொன்னார். பிறகு எல்லாரும் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

ஒரு பகல் முழுக்கப் பெய்தது. ஐவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குழாயைத் திறந்தாள். கண்ணாடி மாதிரித் தண்ணீர். அந்தப் பக்கம் தொட்டியில் கறுப்புத் தண்ணீர் தளும்பியது. வினோஜன் மலசலகூடத்துப் பூட்டுகளைக் கழற்றிப் பூரணி கையில் கொடுத்தார்.

"கங்காணியம்மா, பெரட்டுக் களத்துல மாதிரி பேர் கூப்பிடுங்க, வரிசையா வர்றோம்!" என்று கணேசமூர்த்தி கத்தினான். இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை. பூரணி கூச்சப்படாமல், விடியலில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கங்காணி போலவே குரலெடுத்து, வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

மாசியில் வெயில் காய்ந்தது. சுற்றுவட்டாரத்து லயங்கள் தண்ணீர் பவுசர் வண்டிக்குக் காத்துக்கிடந்தன. மேட்டு லயத்தில் ஐவி குழாயைத் திறக்க, பூரணி அளந்து கொடுத்த தண்ணீர் போதுமாக இருந்தது. நீலத் தாங்கியைத் தட்டினால் இன்னும் கனத்த சத்தம்தான்.

அப்படியொரு விடியலில் தனுஷிகா வெள்ளைச் சீருடையில், பையை மாட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். கொதித்து ஆறிய தண்ணீரைப் பெரிய கோப்பையில் ஊற்றி, நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்று கோப்பையை நீட்டினாள்.