சொட்டு அக்காவும் அம்மோனியாவும்

அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட் குழாயின் திருகை இடக்கையால் பிடித்து, வலக்கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே அவர் எண்ணுகிறார். "பதினேழு... பதினெட்டு... மெல்ல வா கண்ணு, உனக்கு என்ன அவசரம்?" பேச்செல்லாம் அமிலத்தோடுதான். ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் சொட்டு அக்கா.

ரப்பர் பால் திரியாமல் இருக்க அதில் அம்மோனியா கலப்பார்கள். ஒவ்வொரு தொட்டியிலும் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது இருபத்திரண்டு வருடமாக இவர் வேலை. அந்த நெடி துணியிலும் தலைமுடியிலும் ஏறிவிட்டது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை தானாகக் காலியாகும். "நல்லதுதான், எனக்கு ரெண்டு சீட்டு," என்று சிரிப்பார். கூடச் சிரிக்க ஆள் இருக்காது. வீட்டிலும் தனிக்கட்டை. காலையில் ரேடியோவை அணைக்காமல் கிளம்புவார். சாயங்காலம் பூட்டைத் திறக்கும்போது உள்ளே ஒரு குரல் கேட்க வேண்டுமாம்.

சாப்பாட்டு அறையிலும் அவருக்குத் தனி மேசைதான், போன மாதம்வரை. காஸ்டிக் சோடா ஆலையிலிருந்து பரிசோதகராக வந்த ஒரு அம்மாள் முதல் நாளே அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். "இந்த வாடைக்கெல்லாம் நான் அசர மாட்டேம்மா. என் மூக்கு செத்துப் பத்து வருஷம் ஆச்சு." அன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம் மருமகள் புராணம், முட்டிவலி, மேலாளரின் சாயம் பூசிய மீசை. சொட்டு அக்கா வாய் நிறையச் சிரித்ததைத் தொழிற்சாலை அப்போதுதான் பார்த்தது.

இந்த வாரம் சில தொட்டிகளின் சோதனையை முதன்முறையாக அந்தத் தோழியிடம் கொடுத்தார்கள், அவர்தான் தப்புச் செய்தார். பழைய ஆலையின் பழக்கத்தில், ரோஜா நிறம் வெளுத்து முடிவைக் காட்டும் பினாப்தலீன் நிறங்காட்டியை ஊற்றினார். அளவு குறைவாக வந்தது. குறைவு என்று சீட்டுப் போனதும் தொட்டியில் அம்மோனியாவைக் கூடுதலாக ஊற்றினார்கள். காரணம் சொட்டு அக்காவுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி தனியாகச் சாப்பிட வேண்டிவருமோ என்று பயம்.

நான்காம் நாள், வார்ப்புக் கூடத்துப் பெண் ஒருத்தி அம்மோனியா நெடியில் கண் சிவந்து, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே நின்றாள். சொட்டு அக்கா நேராக ஆய்வகத்துக்குள் தோழியிடம் போனார்.

"நிறங்காட்டியை மாத்துங்க. இதுக்கு மெத்தில் சிவப்புதான்."

"இருபது வருஷமா இதே கைதாம்மா பண்ணுது."

"காஸ்டிக் வலுவான காரம்ங்க, அதுக்குச் சரி. அம்மோனியா பலவீனமானது. அமிலம் கொடுக்கிற புரோட்டானை வாங்கிக்கும், ஆனா இறுக்கிப் பிடிக்காது. கொஞ்சத்தைத் தண்ணிகிட்ட விட்டுரும். காரம் எவ்வளவு பலவீனமோ, புரோட்டானை வாங்கினதும் அது மாறுற இணை அமிலம் அவ்வளவு வலு. அதனால எல்லாம் முடியிற இடம் pH ஏழுல இல்ல, அஞ்சரைப் பக்கம். உங்க ரோஜா நிறம் எட்டுலயே போயிடுது. ஊர் வரதுக்கு முன்னாடியே பஸ்ஸை விட்டு இறங்கின மாதிரி."

தோழி நம்பவில்லை. அதே பாலை இருவிதமாகவும் சோதித்தார்கள். ரோஜா நிறம் பதினாறு மில்லியில் வெளுத்தது. மெத்தில் சிவப்பு போட்ட குடுவை பதினாறைத் தாண்டியும் மஞ்சளாகவே இருந்து, பத்தொன்பதரையில்தான் சிவந்தது. தோழி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

சொட்டு அக்காவுக்குப் பொய் வராது. "முதல் நாளே."

"முதல் நாளேவா? மூணு நாளா என் எதிர்ல உக்காந்து சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிட்டீங்களே! தப்பு பண்ணேன்னு சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா வெச்சிருப்பேன்?"

சொட்டு அக்கா பினாப்தலீன் பாட்டிலை மூடி வைத்தார்.

தொட்டிகளின் கணக்கு அன்றே சரியானது. மதியம் தோழி பொதி கட்டும் பெண்களோடு, முதுகைக் காட்டி உட்கார்ந்து பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சொட்டு அக்கா தன் மேசையில் டப்பாவைத் திறந்தார். அவித்த முட்டையைக் கரண்டியின் விளிம்பால் இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை மூடியில் எடுத்து வைத்து, எதிர்ப்பக்கம் நகர்த்தி, அதன்மேல் உப்புத் தூவினார்.