மரங்களுக்குள் மறைத்த தீயணைப்பு நிலையம்

கல்வராயன் மலையில் நான் வடிவமைத்த தீயணைப்பு நிலையத்தைப் பார்க்க இன்றும் கட்டடக்கலை மாணவர்களைப் பேருந்தில் அழைத்து வருகிறார்கள். சாலையிலிருந்து பார்த்தால் கட்டடம் இருப்பதே தெரியவில்லையே என்று வியக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. தீயணைப்பு நிலையம் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்த முட்டாள் நான்தான்.

இடம் பார்க்கப் போனது ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். மலையெல்லாம் பச்சை. ஊர்க்காரர்கள் என்னை ஒரு மொட்டைப் பாறைக்குக் கூட்டிப் போனார்கள். பாறையின் மறுபக்கச் சரிவில் சாமை விதைத்திருந்த ஒரு பெண்தான் அதிகம் பேசினார்.

“இங்க கட்டுங்க சார். நாலு ஊரும் தெரியும். போன் பேச நாங்களே இங்கதான் ஏறி வர்றோம். கீழ பள்ளத்துல டவர் எடுக்காது.”

பாறைமேல் கட்டினால் மலையின் அழகு கெட்டுவிடும் என்றேன்.

“மலைக்கு இன்னா சார் அழகு? அது பாட்டுக்கு இருக்குது.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ரசனை தெரியாதவர்கள் என்று எனக்குத் தோன்றியது. பள்ளத்தில், பலா மரங்களுக்கு நடுவே இடம் குறித்தேன். அந்த மண்ணின் கல்லையே சுவருக்கு வைத்தேன். கூரைமேல் புல் வளர்த்தேன். சிவப்புக் கதவுக்கு மண் நிறம் அடித்தேன். வரைபடத்தில் இருந்த கண்காணிப்புக் கோபுரத்தை என் கையாலேயே அடித்துவிட்டு, ‘முகட்டின் தோற்றத்தைக் குலைக்கும் எந்தக் கட்டுமானமும் கூடாது’ என்று குறிப்பு எழுதினேன். தொலைபேசிக் கம்பி பிறகு வரும் என்றார்கள். வரவேயில்லை. வயர்லெஸ்ஸும் அந்தப் பள்ளத்தில் கரகரத்ததோடு சரி.

நிலையம் திறந்த பிறகு வந்த முதல் பங்குனியில், நட்ட நடுப்பகலில், காய்ந்த புல்லில் பிடித்த தீ அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வந்தது. ஊர்க்காரர்கள் பாறைமேல் ஏறி நிலைய வீரர்களின் செல்போனுக்குத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் ஒருவர் பைக்கில் பள்ளத்துக்கு வந்து சொன்னார். அங்கே வண்டி தயாராக நின்றது, தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது, வீரர்களும் இருந்தார்கள். நான் வெட்டவிடாமல் காப்பாற்றிய மரங்கள் புகையை அவர்களுக்குக் காட்டவில்லை. வண்டி போய்ச் சேர்ந்தபோது கூரை விழுந்துவிட்டிருந்தது. விதைக்கு வைத்திருந்த சாமையும், கட்டிப்போட்டிருந்த இரண்டு ஆடுகளும் போயின.

தாமதத்துக்கு விளக்கம் கேட்டு நிலைய அலுவலருக்குக் கடிதம் போனது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதம் ஒரு கட்டடக்கலைப் பரிசுக்காக நடுவர்கள் அந்தக் கட்டடத்தைப் பார்வையிட வருவதாக இருந்தார்கள். வந்தார்கள், பரிசும் கொடுத்தார்கள். மாலையோடு நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போக எனக்குத் தைரியம் வந்தது. தகரக் கொட்டகையில் இருந்தார். தவறு என்னுடையது என்றேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

“மன்னிப்ப வெச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது? பாறை மேல ஒரு கோபுரம் வைக்கச் சொல்லுங்க. பங்குனிக்குள்ள வைக்கச் சொல்லுங்க.”

கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியதும், பாறைமேல் கோபுரம் வைக்கச் சொல்லித் தீயணைப்புத் துறைக்கு எழுதினேன். அலுவலர்மேல் பிழையில்லை, வடிவமைத்தவன்மேல்தான் பிழை என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பரிசு பெற்ற வடிவமைப்பை மாற்ற இயலாதாம். ஆதாரமாக என் குறிப்பையே எடுத்துக் காட்டியிருந்தார்கள்: ‘முகட்டின் தோற்றத்தைக் குலைக்கும் எந்தக் கட்டுமானமும் கூடாது.’

அந்த வரியை எழுதியவனே அது தவறு என்கிறேன், இன்னும் யார் சொல்ல வேண்டும் என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

மாசி பாதி போய்விட்டது. பாறைமேல் ஊர்க்காரர்கள் முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள். புகை தெரிந்தால் பள்ளத்துக்கு ஓடிவந்து சொல்ல வேண்டும். காவல் இருக்கிற நாளில் அவர்களுக்குக் கூலி கிடையாது. இந்த வாரம் அந்தப் பெண்ணின் முறை.