ஐந்து மூலைப் பாசி

டொரதிக்கு மறதி கிடையாது. அதிலும் யாராவது அவமானப்படுத்திவிட்டால், அதை நெஞ்சுக்குள் ஈரம் காயாமல் வைத்திருப்பாள். தெல்தோட்டைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்தவர்களின் மகள் அவள். பேராதனையில் தாவரவியல் பட்டம் வாங்கிக் கடுகண்ணாவையில் விஞ்ஞானம் படிப்பித்தாள்.

பள்ளி விட்டதும் குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து வரைவது அவளுக்குப் பித்து. கண்ணுக்குப் படாத பச்சைப் பாசி ஒன்று அதில் இருந்தது. மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம். ஒன்றுக்கு மூன்று மூலை, ஒன்றுக்கு நான்கு, அபூர்வமாய் ஐந்து. மூலைகளை நேர்கோட்டால் சேர்த்து, உள்ளே முட்களும் வளையங்களுமாக வரைவாள்.

பள்ளிக் கண்காட்சியில் அந்தப் படங்களைப் பார்த்த செல்லச்சாமி முதலாளி, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று மூன்று மூலையையும் நான்கு மூலையையும் வாங்கிப் போனார். பிலிமத்தலாவையில் அவருக்கு, மெழுகு அச்சு வைத்துச் சாயம் தோய்க்கும் பத்திக் துணிக் கடை; பின்னாலேயே பட்டறை. உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து, சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் மறுபடி கண்டிக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. இரண்டே மாதத்தில் அந்தப் பாசிகள் அவர் கடைச் சுவரெல்லாம் தொங்கின. கீழே எழுதியிருந்தது: ‘வடிவமைப்பு: செல்லச்சாமி’.

கேட்கப் போன டொரதியைத் தொழிலாளர் முன்னால் நிறுத்தி வைத்துச் சிரித்தார்.

“தண்ணியில கெடக்குற பாசிக்கு ஒங்க பேர் போடணுமா டீச்சர்? ஒங்க அப்பா கொழுந்து நிறுத்தாரே, அந்தத் தராசுல படத்தையும் வச்சுப் பாப்பமா?”

முதலாளி சிரித்தால் தொழிலாளரும் சிரிக்கத்தானே வேண்டும். சிரித்தார்கள். மெழுகு அச்சு வைக்கும் கமலம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று பஸ்ஸில் வரும்போதே டொரதி முடிவெடுத்துவிட்டாள். அவர் வாயாலேயே, அதே ஆட்கள் முன்னால், அது யாருடைய படம் என்று சொல்ல வைக்க வேண்டும்.

அடுத்த மாதம் சிரித்த முகத்தோடு கடைக்குப் போனாள்.

“இதையும் வச்சுக்கங்க மொதலாளி. ஐஞ்சு மூலை. லேசுல கெடைக்காது.”

“கோபம் போயிருச்சா டீச்சர்?”

“கோபப்பட்டு என்னா ஆகப்போவுது?”

அவள் பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். முக்கோண அச்சுகள் ஆறு ஒரு புள்ளியைச் சுற்றி இறுக்கமாக உட்காரும். சதுரம் நான்கு உட்காரும். ஐங்கோணம் மூன்று வைத்ததும் ஒரு சந்து மிஞ்சும். நான்காவது அதற்குள் நுழையாது. இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அட்டை வெட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

செல்லச்சாமி ஒற்றை அச்சுப் பதித்த கைக்குட்டையை ஒரு ஹோட்டல்காரரிடம் காட்டினார். அவர் மயங்கிப் போனார். பெரிய மண்டபத்துக்குத் திரை வேண்டும், முக்கோணத் துணியைப் போல இடைவெளியே தெரியக் கூடாது என்றார். முதலாளி கையெழுத்துப் போட்டார்.

செப்பு அச்சு வந்தது, மெழுகு உருகியது. கமலம் எப்படித் திருப்பி வைத்தாலும் ஓரிடத்தில் சந்து, ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று. துணி துணியாகப் பாழானது. கடைசியில் செல்லச்சாமியே கடுகண்ணாவைக்கு ஓடி வந்தார்.

“வழி இருக்கு. வரிசைய மாத்தி அச்சத் தலைகீழா வச்சா, மிஞ்சுற சந்தெல்லாம் ஒரே அளவா வரும். அதுக்குன்னு ஒரு சின்ன அச்சு வெட்டணும்,” என்றாள் டொரதி. “எந்த வரிசை, என்னா அளவுன்னு எனக்குத் தெரியும். மொதல்ல இது யார் படம்னு ஒங்க ஆளுங்க முன்னால சொல்லுங்க.”

மறுநாள் டொரதி பட்டறையில் வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் கைவேலையை நிறுத்தினார்கள். செல்லச்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எல்லாம் டீச்சர் வரைஞ்சது.”

“மூணு மூலையுமா?”

“அதுவுந்தான். நான்தான் கேக்காம எடுத்தேன்.”

டொரதி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“டீச்சர், அளவு?”

“சொன்னா தர்றேன்னு நான் சொல்லலியே மொதலாளி.”

கமலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை முதலாளி சிரிக்கவில்லை.

ஹோட்டல்காரர் வேறு கடைக்குப் போய்விட்டார். மன்னித்திருக்கலாமே என்று பங்குச் சாமியார்கூடக் கேட்டுப் பார்த்தார்.

“மன்னிக்கலாந்தான் ஃபாதர்,” என்றாள் டொரதி. “எனக்கு மனசு வரல.”